குடைக்காரர் வீட்டு வாசலில் நின்ற சுரம்

1962ஆம் ஆண்டு பிப்ரவரி ஏழாம் தேதி புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு, உலகம் அழியும் என்று ஜோசியர்கள் குறித்துக்கொடுத்த நாள் ஒன்றும் ஆகாமல் கழிந்து இரண்டு நாளே ஆகியிருந்த குஷியில், பதினோரு பேர் கொண்ட சிப்பித்துறை மாதா பேண்டு செட் ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் ஐஸ் பாக்டரித் தெருவுக்குள் திரும்பியபோது, கடைசி வரிசையில் டிராம்போன் வாசித்துக்கொண்டு வந்த கஸ்பார் மிராண்டா ஒரு சுரத்தை வாசித்துவிட்டு வாயை எடுத்தார். சுரம் நிற்கவில்லை.

சிப்பித்துறை பேண்டு செட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊர்வலம் போகிற வழியில் துஷ்டி வீடு, அதாவது சாவு விழுந்த வீடு, இருந்தால் அந்த வீட்டு வாசலில் கறுப்புத் துணி தொங்கும். துணி கண்ணில் பட்டதும் மாஸ்டர் வலது கை விரலைத் தூக்குவார். பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும், பாதிச் சுரத்தில் இருந்தாலும், அங்கேயே அறுபடும். வாத்தியங்களைத் தாழ்த்தியபடி மூன்று வீடு கடந்து, மாஸ்டர் விரல் இறங்கியதும், விட்ட இடத்திலிருந்து பிடிப்பார்கள். முதலிலிருந்து ஆரம்பிப்பது கேவலம் என்று கருதப்பட்டது. செத்தவருக்கு மரியாதையும் கெடக்கூடாது, கல்யாணப் பாட்டும் முறியக்கூடாது என்பதற்காக யாரோ ஒரு காலத்தில் செய்த ஏற்பாடு அது, பிழையில்லாமல் நடந்துவந்தது.

அன்று நடந்தது பிழை. மாஸ்டர் சந்தியாகு கண்ட கறுப்புத் துணி, குடை ரிப்பேர் செய்யும் இஞ்ஞாசி, கம்பியிலிருந்து கழற்றித் துவைத்துக் காயப்போட்டிருந்த குடைத் துணி. இஞ்ஞாசி வீட்டில் யாரும் சாகவில்லை. இஞ்ஞாசி பின்னறையில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார்.

கஸ்பார் அப்போது வாசித்துக்கொண்டிருந்ததும் சிப்பித்துறைக்குப் பழக்கமான வாசிப்பு அல்ல. இருபத்தாறு வயதுக்குள் ஆறு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல் எடுபிடியாக இருந்து, துறைமுகம் துறைமுகமாக இறங்கி, பின்வாசல் வழியாக ஜாஸ் கேட்டு, பினாங்கில் ஒரு கிழட்டு வாத்தியக்காரரிடமிருந்து ஒடுக்கு விழுந்த டிராம்போன் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர் அவர். ஜாஸ் என்றால் என்ன என்று டீக்கடையில் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விளக்கம் இதுதான்: "எழுதுனத ஒரு தடவ மரியாதைக்கு வாசிக்கணும். பெறகு ஒருத்தர் பேச்சுக்கு ஒருத்தர் பதில் பேசுத மாதிரி வாசிக்கணும். அம்புட்டுத்தான்." கல்யாணப் பாட்டின் நடுவில், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், டிராம்போனின் நீட்டுக் குழலை அரைவாசி இழுத்து, கிளாரினெட்டிலும் இல்லாத, கோயில் ஹார்மோனியத்தில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல் போக முடியாத இடத்தில் கிடக்கும் ஒரு சுரத்தை அவர் தொட்டிருந்தார். மாஸ்டர் விரல் அந்த நேரத்தில்தான் மேலே போனது.

பத்து வாத்தியங்கள் நின்றன. கஸ்பார் டிராம்போனைத் தாழ்த்தினார். சுரம் ஓர் ஆள் உயரத்தில், இஞ்ஞாசி வீட்டுப் படிக்கு முன்னால், சாக்கடைக்கு ஒரு முழம் இப்பால் நின்று ஒலித்துக்கொண்டிருந்தது.

"ஏலே கஸ்பாரு, நிறுத்துல" என்றார் மாஸ்டர், திரும்பிப் பார்க்காமல்.

"நிறுத்திட்டேன் மாஸ்டர்."

"பெறகு இது என்னதுல?"

"அது நான் இல்ல மாஸ்டர். என் வாய் இந்தா இருக்கு."

இஞ்ஞாசியின் மகள் செசிலி, பத்தொன்பது வயது, வாசலுக்கு வந்து, தாழ்த்திய வாத்தியங்களையும் குனிந்த தலைகளையும் பார்த்தாள். "யாருக்குச் சாவு? எங்க வீட்ல எல்லாரும் திடமாத்தான் இருக்கோம். அது கணக்கு வாத்தியார் குடைத் துணி. காயப் போட்டிருக்கு" என்றாள். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இது யாரு விட்டுட்டுப் போறது?"

ஊர்வலம் காத்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் மூன்று வீடு நடந்து விரலை இறக்கினார். பேண்டு செட் விட்ட இடத்திலிருந்து பிடித்து, பாட்டை முடித்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் வீடு சேர்த்தது. சுரம் வரவில்லை. அது விட்ட இடத்திலேயே இருந்தது.

அந்தச் சுரத்தின் குணம் இது: கேட்டவர் யாராயிருந்தாலும், அடுத்த நிமிடம் ஏதோ நடக்கப்போகிறது என்று அவருக்குத் தோன்றியது. நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியாது; ஆனால் யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள், கதவு தட்டப்படப்போகிறது, பெயர் கூப்பிடப்படப்போகிறது, தலை சீவிக்கொண்டிருப்பது நல்லது. முதல் வாரம் ஐஸ் பாக்டரித் தெருவில் எல்லோரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். இரண்டாவது வாரம் பங்குச் சாமியார் தீர்த்தச் செம்போடு வந்து, சுரம் இருக்கும் இடத்தில் மூன்று முறை தெளித்து, கொஞ்ச நேரம் நின்று கேட்டு, சிரித்துக்கொண்டே திரும்பிப் போய், பத்து வருஷமாகத் தள்ளிப்போட்டிருந்த கோயில் வெள்ளையடிப்புக்கு அன்றைக்கே ஆள் விட்டார். மூன்றாவது வாரம் மீன் ஏலத்தைக் கடற்கரையிலிருந்து தெருவுக்கு மாற்றினார்கள். சுரத்துக்குக் கீழே கூடையை வைத்தால் சாளை மீனும் வஞ்சிரம் விலைக்குப் போயிற்று. கண்ணில் புரை விழுந்து ஆபரேஷனுக்குப் போகலாமா வேண்டாமா என்று ஒன்பது வருஷம் யோசித்த வலைக்காரர் ஒருவர், வெற்றிலை வாங்க அந்த வழியாக நடந்தவர், அப்படியே பஸ் ஏறி மதுரைக்குப் போனார். பெண் பார்க்கும் வீட்டார் மாப்பிள்ளையைத் தற்செயலாகக் கூட்டிவருவதுபோல அந்தத் தெரு வழியாகக் கூட்டிவந்தார்கள். பேச்சு முடியாமல் யாரும் திரும்பியதில்லை. பஞ்சாயத்து கூடி, சுரத்துக்கு நாற்பது அடிக்குள் ஒலிபெருக்கி கட்டக்கூடாது, வண்டி நிறுத்தக்கூடாது, சுரத்தைக் காட்டி யாரும் காசு வசூலிக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டு, நடந்து போகிறவர்கள் தலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்கச் சுற்றிலும் சுண்ணாம்பு வட்டம் போட்டது. சுரம் யாரையும் இடிக்காது என்று ஒரு உறுப்பினர் சொன்னதும் தீர்மானத்தில் பதிவு செய்யப்பட்டது.

யாருடைய கல்யாணப் பாட்டில் அந்தச் சுரம் விழுந்ததோ, அந்த ஐஸ் பாக்டரி முதலாளி மகன் ஜெரோம் கர்டோசாவும் அவர் மனைவி லில்லியும், மூன்று பிள்ளை பெற்ற பிறகும் நேற்றுக் கல்யாணமானவர்கள்போல ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தால் "நீங்க மொதல்ல", "இல்ல, நீ மொதல்ல" என்று சோறு ஆறிப்போகும். மாமியார் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஊரில் இரண்டே பேர்தான் எதற்கும் பரபரக்காமல் இருந்தார்கள்: இஞ்ஞாசியும் செசிலியும். சுரம் நின்ற வாசலுக்கு உள்ளேதான் அவர்கள் குடியிருந்தார்கள். ஐஸ் பாக்டரியின் சுவரோடு முதுகைச் சாய்த்துக் கட்டிய சின்ன வீடு அது. பின்னறையில் செம்புத் தண்ணீர்கூட மோட்டார் அதிர்வில் நடுங்கிக்கொண்டிருக்கும் என்பதால் வேறு யாரும் வாடகைக்கு வரவில்லை. அந்த அறையில் உட்கார்ந்து அப்பனும் மகளும் நிதானமாகக் கம்பி நிமிர்த்தினார்கள், துணி தைத்தார்கள், இரவு எட்டு மணிக்குப் படுத்துத் தூங்கினார்கள். அந்த நிதானத்துக்கு ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது.

கண்டுபிடித்தவர் கோயில்பிள்ளை. மணியடிப்பவர் என்பதால் சத்தத்தைப் பற்றி அவர் சொன்னால் கேட்பார்கள். "பேண்டு நின்னது ஒரு சாவுக்காக. சாவு இல்ல. அதான் சத்தம் காத்துக்கிட்டு நிக்குது. அந்த வீட்ல ஒண்ணு விழுந்தாத்தான் அது போவும். பாருங்களேன், அவுக மொகத்தை. தெரிஞ்சுபோச்சு அவுகளுக்கு" என்றார்.

இதை யாரும் இஞ்ஞாசியிடம் நேராகச் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு குடை வாங்க வருகிறவர்கள் ரொம்ப அக்கறையாக விசாரித்தார்கள். தும்மினால் திரும்பிப் பார்த்தார்கள். மற்ற பெண்களுக்கு வரன் முடித்த அதே தெருவில், செசிலியைப் பார்க்க ஒருவரும் படி ஏறவில்லை. ஒரு சாவு முன்கூட்டியே குறிக்கப்பட்ட வீட்டில் எப்படிச் சம்பந்தம் செய்வது?

"என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரி இருக்கீக?" என்று கேட்டார் மளிகைக் கடைக்காரர் ஒருநாள்.

"மலச்சிக்கல்" என்றார் இஞ்ஞாசி. "சாவுற அளவுக்கு இல்ல. ஏமாந்துபோவாதீரும்."

கஸ்பார் மன்னிப்புக் கேட்கப் போனார். போய்த் தெருவில் நின்றார். பேண்டுக்காரர்கள் வீட்டுப்படி ஏறுவதில்லை. சாவுக்கு வாசித்த குழல் ஒரு வீட்டுக்குள் வரக்கூடாது. பேண்டு செட்டின் வாத்தியங்கள் கோயிலுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் கிடந்தன, வாத்தியக்காரர்கள் கல்யாண வீடானால் பந்தலில் சாப்பிட்டார்கள், துஷ்டி வீடானால் எதிர் வீட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். யாரும் தடுத்ததில்லை, யாரும் கூப்பிட்டதுமில்லை. கஸ்பாரோ டிராம்போனை ஒரு நிமிடம் கைவிடாதவர். ஆகவே அவர் படிக்கு அப்பாலும் செசிலி படிக்கு இப்பாலும் நின்று பேசினார்கள், நடுவில் சுரம் ஒலித்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு அடுத்த சுரம் ஒண்ணு இருக்கு. அத வாசிச்சிட்டா இது அதுல போயிச் சேந்துரும். பெறகு உங்க வீட்டைப் பாத்து யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றார் கஸ்பார்.

"அப்ப வாசிங்களேன்."

"எதுன்னு தெரியலியே."

"தெரியாத சத்தத்தையா எங்க வாசல்ல விட்டுட்டுப் போனீக?"

கஸ்பார் அன்றைக்கு இருட்டும்வரை தனக்குத் தெரிந்த சுரங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அதற்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். தெருவே கூடி நின்றது. ஒவ்வொன்றும் பக்கத்தில் வந்து, தோளில் உரசி, விலகிப் போனது. நின்ற சுரம் அசையவில்லை. கூட்டம் கலைந்த பிறகு செசிலி ஒரு தம்ளர் காபியைப் படியில் வைத்து, "இங்கன இல்லன்னா வேற எங்கனயாவது இருக்கும். தேடிட்டு வாங்க. நாங்க அதுக்குள்ள செத்துற மாட்டோம்" என்றாள்.

கஸ்பார் மிராண்டாவின் தொழில் வாழ்க்கை இப்படித்தான் ஆரம்பமாயிற்று. சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் நார்மன் டிகாஸ்டா என்ற பியானோக்காரர் நடத்திய ஜாஸ் குழுவில் சேர்ந்தார். அங்கிருந்து கல்கத்தா, அங்கிருந்து பம்பாய், நடுவில் இரண்டு வருஷம் கொழும்பு, ஒருமுறை கப்பலேறி ஹாம்பர்க். எந்த ஊரானாலும், எந்தப் பாட்டானாலும், தன் முறை வந்ததும் எழுந்து நின்று, அந்த ஒரு சுரத்துக்கு வந்து, அதற்கு அடுத்தது எது என்று தேடினார். அவர் தேடுகிறார் என்பது யாருக்கும் தெரியாது. அவர் வாசிக்கிறார் என்று நினைத்தார்கள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்கள். ஓட்டல் காவலாள் யாரும் வராமலே கதவைத் திறந்துவிட்டார். பரிமாறுகிறவர்கள் சூப்புத் தட்டோடு அப்படியே நின்றார்கள், ஒருவரும் சூப்புக் கேட்கவில்லை. பம்பாயில் ஒரு பத்திரிகை, கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பவர்போல இவர் வாசிக்கிறார் என்று எழுதியது. ஹாம்பர்க்கில் ரசிகர்கள் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்கள். கல்கத்தாவில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். கடைசியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று வாங்கியவர்கள் புகார் சொல்லி, திருப்பிப் போட்டுக் கேட்டு, மறுபடியும் திருப்பிப் போட்டுக் கேட்டு, தட்டுத் தேய்ந்ததும் இன்னொன்று வாங்கினார்கள். நார்மன் டிகாஸ்டா மட்டும் ஒருநாள் பியானோ மூடியைச் சாத்திக்கொண்டே சொன்னார்: "கஸ்பார், நான் கீழே என்ன வாசிக்கிறேன் என்று நீ ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா?" கஸ்பார் கேட்டதில்லை. அவர் காது சிப்பித்துறையில் இருந்தது.

வருஷம் தவறாமல் ஆகஸ்டு மாதத் திருவிழாவுக்கு அவர் ஊருக்கு வந்தார். அந்த வருஷம் கண்டுபிடித்த சுரத்தைக் கொண்டுவந்தார். தேர் இழுத்து முடிந்த மறுநாள் காலை அவர் சுண்ணாம்பு வட்டத்துக்குப் பக்கத்தில் நின்று கல்யாணப் பாட்டை ஆரம்பத்திலிருந்து வாசித்து, விட்ட இடத்துக்கு வந்து, புதுச் சுரத்தை வைப்பார். இதுவும் திருவிழாவில் ஒரு நிகழ்ச்சியாகிவிட்டது. சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து தனி பஸ் விட்டார்கள். பஜ்ஜிக் கடை போட்டார்கள். மாடியுள்ள வீட்டுக்காரர்கள் சொந்தக்காரர்களுக்கு மாடியில் இடம் பிடித்து வைத்தார்கள். 1965இல் அவர் கொண்டுவந்த சுரத்துக்குத் தெருநாய்கள் வரிசையாக உட்கார்ந்தன. 1968இல் கொண்டுவந்தது ரொம்பக் கிட்டத்தில் விழுந்தது. கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது, லில்லி கர்டோசா மயங்கி விழுந்தாள், ஆனால் அது நூலளவு விலகிப் போயிற்று. "அடுத்த வருசம் பாருங்க" என்று எல்லோரும் உற்சாகமாகக் கலைந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் அவசரமில்லை. ஏதோ நடக்கப்போகிறது என்ற நினைப்பிலேயே அவர்கள் செழிப்பாக இருந்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் செசிலி காபி கொண்டுவந்து படியில் வைப்பாள். கஸ்பார் தெருவில் நின்று குடிப்பார்.

"இந்த வருசமும் இல்லையா?"

"இல்ல."

"எளச்சுப் போயிட்டீக. அந்த ஊர்ல சோறு போடுதாகளா இல்லையா?"

"உனக்கு இந்தச் சத்தம் எரிச்சலா இல்லையா செசிலி? பகலும் ராவும்?"

"எனக்கென்ன எரிச்சல்? நல்லாத்தான இருக்கு" என்பாள் அவள். அது தன்னைச் சமாதானப்படுத்தச் சொல்வது என்று கஸ்பார் ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் இன்னும் வேகமாகத் தேடினார்.

1974ஆம் ஆண்டு நவம்பரில், மழைக்காலத்தின் நடுவில், பம்பாய்க்குச் செசிலியின் தந்தி வந்தது. அப்பாவுக்கு முடியவில்லை, ஊர் வாசலில் நிற்கிறது, வரவும் என்று அதில் இருந்தது.

அவர் வந்து சேர்ந்த பிற்பகலில் ஐஸ் பாக்டரித் தெரு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குடையாக இருந்தது. ஊர் முழுக்க அங்கே நின்றது. எல்லாம் இஞ்ஞாசி ரிப்பேர் செய்த குடைகள். இஞ்ஞாசிக்கு எழுபத்தொரு வயது, நெஞ்சில் சளி கட்டி எட்டு நாளாகக் காய்ச்சல். டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தார். கிழவர் மூச்சு நிற்கும்போது சுரமும் நிற்பதை நேரில் கேட்க வேண்டும் என்று வயதானவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். சுண்டல் விற்றது. பேண்டு செட்டை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள்; கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு மாஸ்டர் சந்தியாகுவும் மற்ற ஒன்பது பேரும் எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில் வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் இஞ்ஞாசிமேல் பகை இல்லை. பாதிப் பேர் அழுதுகொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் அவர்கள் முகத்தில் ஓர் ஆவல் இருந்தது, அதை அவர்களால் மறைக்க முடியவில்லை.

கஸ்பாருக்கு விஷயம் தெளிவாக இருந்தது. கிழவர் போவதற்குள் சுரம் போயாக வேண்டும். கிழவர் போய், தற்செயலாகச் சுரமும் நின்றுவிட்டால், பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டைப் பார்த்து ஊர் சொன்னது உண்மையாகிவிடும். கிழவர் போயும் சுரம் நிற்காவிட்டால் இன்னும் மோசம். வீட்டில் மீதி இருப்பது செசிலி ஒருத்திதான்.

அவர் குடைகளை விலக்கிக்கொண்டு போய், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், சுண்ணாம்பு வட்டத்தின் அருகில் நின்று டிராம்போனை வாயில் வைத்தார். கதவு திறந்தது.

"அத வெளிய நின்னு வாசிச்சு என்னத்தக் கண்டீக? உள்ள வாங்க" என்றாள் செசிலி. "அப்பா உங்களப் பாக்கணும்ங்காக."

கஸ்பார் கையிலிருந்த குழலைப் பார்த்தார்.

"இதோடயா?"

"அதோடதான். நீங்க என்னைக்கு அத எறக்கி வச்சிருக்கீக?"

"சாவுக்கு வாசிச்ச கொழலு தாயி" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து மாஸ்டர் பதறினார். "சுகமில்லாத வீட்டுக்குள்ள கொண்டுபோகக் கூடாது."

"எங்க வீட்டுச் சாவுதான் பன்னெண்டு வருசமா வாசல்லயே நிக்குதே மாஸ்டர். கொழலு வந்தா மட்டும் கூடவா போவுது?" என்று சொல்லிவிட்டு, கஸ்பாரின் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவர் படியில் இடறி, சுரத்தின் ஊடாக நடந்து, முதல் முறையாக அந்த வீட்டுக்குள் போனார்.

பின்னறையில் கூரையிலிருந்து குடைகள் தொங்கின. இஞ்ஞாசி பாயில் சாய்ந்து படுத்திருந்தார். "வாங்க தம்பி" என்றார், மூச்சு இரைத்தபடி. "சுண்டல்காரன் இருக்கானா, போயிட்டானா? எப்பம்னு காலைல இருந்து மூணு தடவ எட்டிப் பாத்துட்டான். அவனுக்கும் யாவாரம் நடக்கணும்லா."

கஸ்பார் கேட்டுக்கொண்டிருந்தார். சுரம் அதே சுரம்தான். வாசல் வழியாக வந்துகொண்டிருந்தது. ஆனால் அது யாரையும் எதிர்பார்க்கவில்லை. வர வேண்டியவர் வந்து, காலைக் கழுவிக்கொண்டு, பாயில் உட்கார்ந்துவிட்டதுபோல இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாகக் கஸ்பாரின் தோள் இறங்கியது.

"இது எப்பவும் இப்படித்தான் கேக்குமா?" என்றார்.

"எப்படி?"

"வந்து சேந்த மாதிரி."

"பெறகு எப்படிக் கேக்கணும்?" என்றாள் செசிலி. "எனக்கு மொத நாள்ல இருந்து இப்படித்தான். வாசல்ல நிக்கிறப்பகூட, இந்த ரூம்பு சத்தம் காதுக்குள்ளயே இருக்கும். ஊர்ல எல்லாரும் எதுக்கு இந்தத் தவி தவிக்காகன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல."

அப்போது மின்சாரம் போயிற்று. அந்த வருஷம் ஊரில் தினமும் போய்க்கொண்டிருந்ததுதான்; ஐஸ் பாக்டரி லைனில் போனது அன்றுதான் முதல் தடவை. சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் பாக்டரி மோட்டார் முனகி, இறங்கி, நின்றது. செம்பில் தண்ணீர் அசையாமல் ஆயிற்று. உடனே செசிலி எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்து, "யாரோ வாராகளே" என்றாள். அவள் முகத்தில் ஊரின் முகம் இருந்தது. பாயிலிருந்து இஞ்ஞாசியும் தலையைத் தூக்கி, "யாருட்டி அது?" என்றார்.

மின்சாரம் வந்தது. மோட்டார் எழுந்தது, சுவர் நடுங்கியது, அந்தத் தாழ்ந்த ஒரே சுரம் தரை வழியாக ஏறி வந்து வாசல் சுரத்தின் கீழே போய் நின்றது. செசிலி உட்கார்ந்தாள்.

கஸ்பார் ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்து, கிழவர் போய்விட்டார் என்று பெண்கள் குலவை போல ஓர் அழுகையை ஆரம்பித்தார்கள். "சாவல! சாவல!" என்று கத்திக்கொண்டே அவர் தெருவைத் தாண்டித் தாழ்வாரத்தில் ஏறி, இருபது வருஷமாக யூபோனியம் என்ற பெரிய பித்தளை வாத்தியத்தை ஊதிவந்த தொம்மையின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"தொம்மை, ஐஸ் பாக்டரி மோட்டாரை வாசி."

"எதை?"

"மோட்டாரை. அந்தச் சத்தத்தை. அடி வயித்துல இருந்து. நிறுத்தாத."

"மோட்டாரை எப்படில வாசிக்கிறது? நீ பம்பாய்ல குடிச்சுப் பழகிட்டியா?"

"நான் இத்தன வருசம் இதுக்கு மேல என்ன வைக்கலாம்னு பாத்தேன் தொம்மை. கீழ ஒண்ணும் இல்லாமத்தான் இது அந்தரத்துல நிக்குது."

தொம்மை பொறுக்க முடியாமல் ஊதினார். முதல் ஊதலில் தவறிற்று. கஸ்பார் கையைத் தாழ்த்திக் காட்டினார். இன்னும் கீழே, இன்னும் கீழே. தொம்மை கண்ணை மூடி, சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, கேட்பதையே மறந்திருந்த அந்த மோட்டாரை நினைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். யூபோனியத்தின் சத்தம் ஈரத் தெருவில் தரையோடு தரையாகப் பரவி, குடைகளுக்குக் கீழே போய், சுண்ணாம்பு வட்டத்துக்குள் நுழைந்தது.

நின்ற சுரம் இறங்கவில்லை, ஏறவில்லை. அது அப்படியே வீடு வந்து சேர்ந்தது. ஐஸ் பாக்டரித் தெருவில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள். முன்வரிசைக் குடைகள் அந்தக் காற்றில் ஆடின என்று பிறகு சொன்னார்கள்.

மாஸ்டர் சந்தியாகு எழுந்தார். எண்பது வயதை நெருங்கியவர், கண் முன்னைவிட மோசம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஏமாற்றிய வாசலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கறுப்புப் பட்டையை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வலது கை விரலைத் தூக்கி, இறக்கினார்.

பேண்டு செட் விட்ட இடத்திலிருந்து பிடித்தது. இந்த முறை கஸ்பார் தொம்மையைக் கேட்டு வாசித்தார், கிளாரினெட்டைக் கேட்டு வாசித்தார், அவர்கள் சொன்னதற்குப் பதில் சொன்னார், அவர் கேட்டதற்கு அவர்கள் பதில் சொன்னார்கள்; அதுவரை எழுதியதை மட்டுமே வாசித்துப் பழகிய மாதா பேண்டு செட், எழுதாததையெல்லாம் வாசித்துக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு, தெருவில் இறங்கி நடந்தது. நின்ற சுரம் படியை விட்டு நகர்ந்து கடைசி வரிசையில் அவர்களோடு சேர்ந்துகொண்டது. குடைகள் பின்னால் ஓடின. நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிழவிகள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுண்டல்காரர் அடுப்பை விட்டுவிட்டு ஓடினார். கோயிலைச் சுற்றி, மீன் கிடங்கைத் தாண்டி, கடற்கரைக்கு வந்து, பாட்டு முடிந்தபோது அந்தச் சுரமும் மற்றச் சுரங்களைப் போலவே முடிந்தது. மழைச் சத்தமும் கடல் சத்தமும் கேட்டன.

லில்லி கர்டோசா கணவர் பக்கம் திரும்பி, "ஏங்க, நமக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டு" என்றாள். அன்று மாலையே அரிசி நயமில்லை என்று இருவரும் முதல் சண்டை போட்டார்கள். மாமியார் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ஆட்கள் திரும்பி வந்தபோது இஞ்ஞாசி வாசல்படியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சளி இளகியிருந்தது. "எல்லாரும் அவனவன் குடைய ரோட்ல போட்டுட்டு ஓடிட்டீக" என்றார். "கம்பி ஒடிஞ்சதையெல்லாம் தனியா வைங்க. மருமவனே, அந்தக் கொழலை உள்ள ஆணியில மாட்டும், நனையுது."

அடுத்த ஜனவரியில் கஸ்பாருக்கும் செசிலிக்கும் கல்யாணம் நடந்தது. மீன் ஏலம் கடற்கரைக்குத் திரும்பிற்று. சாளை, சாளையின் விலைக்கே போயிற்று. கஸ்பார் இன்னும் சில வருஷம் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாசித்தார். இப்போது யாரும் வாசலைப் பார்ப்பதில்லை, வாசிப்பவர்களைப் பார்க்கிறார்கள் என்று முன்பு எழுதிய அதே பத்திரிகை எழுதியது. அவர் கீழே கேட்கிறார் என்று நார்மன் டிகாஸ்டா மட்டும் சொன்னார். பிறகு கஸ்பார் ஊருக்கே வந்து, சந்தியாகுவுக்குப் பின் மாதா பேண்டு செட்டின் மாஸ்டரானார்.

இஞ்ஞாசி 1989ஆம் ஆண்டு ஜூன் பதினொன்றாம் தேதி, எண்பத்தாறு வயதில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கத்தில் இறந்தார். மறுநாள் அடக்கம் ஆயிற்று. பதினான்காம் தேதி புதன்கிழமை மாலை, ஜெரோம் கர்டோசாவின் மகள் கல்யாண ஊர்வலம் ஐஸ் பாக்டரித் தெரு வழியாக வந்தபோது, அந்த வாசலில் கறுப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் நடந்த தொம்மை, துஷ்டி வீட்டு ஆளாகப் படியில் நின்ற மாஸ்டரைப் பார்த்தார். கஸ்பார் விரலைத் தூக்கவில்லை. அந்த வீட்டுச் சாவுக்கு 1962இலேயே நின்றாயிற்று. பேண்டு செட் வாசித்துக்கொண்டே கடந்து போயிற்று.